தழைச்சத்துப் பசி

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகிற சாலையின் இரு பக்கமும் கரும்பு. பிப்ரவரி, மார்ச்சில் நட்ட நடுப்பட்டக் கரும்பு ஜூன் மாதத்தில் இடுப்பளவுக்கு வந்துவிடும். பெரும்பாலான வயல்களில் அது ஒரே சீராக நிற்கும். சில வயல்களில் மட்டும் நடுவே திட்டுத் திட்டாக வெளிறி, பக்கத்துப் பாரைவிட ஒரு முழம் தாழ்ந்து கிடக்கும். திட்டு வட்டமாக இருக்காது, வரப்போடும் ஒட்டாது. மணல் கூடுதலான இடங்களில் அது பெரும்பாலும் அகலமாக இருக்கும். கல்வராயன் மலையடிவாரத்துச் செம்மண்ணில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை.

வெளிறலைப் பார்த்ததும் சந்தேகம் முதலில் இரும்புச் சத்தின் மேல் போகும். அடுத்து கரணையின் மேல், பிறகு தண்ணீர் பாய்ச்சிய ஆளின் மேல். கடைசியில் எல்லாவற்றுக்கும் பொதுவான தீர்வாக யூரியா வரும். யூரியா போட்டதும் இலை பச்சை கட்டும்; சில வாரங்களில் பழையபடி வெளிறும். சத்து நிலத்தில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டிய வேர்தான் இல்லை.

அந்தத் திட்டில் ஒரு தூரை மண்வெட்டியால் பெயர்த்து, வாய்க்கால் தண்ணீரில் மெதுவாக அலசிப் பார்க்க வேண்டும். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் நமக்கு வேண்டிய மெல்லிய வேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். நல்ல தூரில் வெள்ளை வேர்களும், அவற்றிலிருந்து கிளைத்த நூல் வேர்களும் கற்றையாக வரும். நோயுற்ற தூரில் நூல் வேர் அநேகமாக இருக்காது. மிச்சமிருக்கும் வேர்கள் கட்டையாக, நுனி தடித்து, இடையிடையே செம்பழுப்பும் கறுப்புமான புண்களோடு இருக்கும். கத்தரி, தக்காளிச் செடிகளின் வேரில் உருண்டை உருண்டையாக முடிச்சுகளைப் பார்த்துப் பழகிய விவசாயி, கரும்பில் அப்படி ஒன்றும் இல்லையே என்று, வேரைத் தின்னும் நுண்ணிய நூற்புழுவைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவார். கரும்பு வேரில் முடிச்சு சிறியது. பெரும்பாலும் வேர் நுனியில் ஒரு வீக்கமாக மட்டுமே தெரியும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு எளிய வழி உண்டு. திட்டிலிருந்து எடுத்த மண்ணை ஒரு தொட்டியில் நிரப்பித் தக்காளி நாற்று நட்டு, ஆறு வாரம் கழித்து வேரைக் கழுவிப் பார்க்கலாம். வேர்முடிச்சு நூற்புழு மண்ணில் இருந்தால் தக்காளி மறைக்காமல் காட்டிக்கொடுக்கும். ஆனால் கரும்பில் இன்னொரு எதிரியும் உண்டு, அது முடிச்சுப் போடாது. அதைப் பிடிக்க ஒரு புனல், ஒரு ரப்பர் குழாய், ஒரு மெல்லிய துணி போதும். துணியில் மண்ணைக் கட்டி, தண்ணீர் நிரப்பிய புனலில் ஒரு நாள் ஊற வைத்தால், புழுக்கள் மண்ணிலிருந்து நெளிந்து வெளியேறிக் குழாயின் அடியில் வந்து சேரும். பேர்மன் என்ற மருத்துவர் 1917இல் ஜாவாவில் கொக்கிப்புழுவைத் தேடுவதற்காகக் கண்டுபிடித்த முறை இது. நூறாண்டு கழிந்தும் நூற்புழு ஆய்வகங்களில் இதே புனல்தான்.

புனலின் அடியில் சேர்பவற்றை நுண்ணோக்கியில் பார்த்தால் அரை மில்லிமீட்டர் நீளத்தில் கண்ணாடி இழைகள் நெளியும். எல்லாமே பயிரைத் தின்பவை அல்ல. பாக்டீரியாவைத் தின்பவை, பூஞ்சையைத் தின்பவை, மற்ற நூற்புழுக்களையே தின்பவை என்று ஒரு கைப்பிடி மண்ணில் பல கூட்டங்கள் உண்டு. பயிரைத் தின்பவற்றுக்கு வாயில் ஊசிபோன்ற ஒரு கூர்முள் இருக்கும். அதை வேரின் உயிரணுவுக்குள் குத்தி உறிஞ்சும்.

கரும்பைப் பொறுத்தவரை இரண்டு பேரை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது மெலாய்டோகைனி என்ற வேர்முடிச்சு நூற்புழு. இதன் குஞ்சு வேர் நுனிக்குள் புகுந்து ஓரிடத்தில் உட்கார்ந்துவிடும். சுற்றியுள்ள உயிரணுக்களைத் தனக்கான தீனிக் கிடங்காக மாற்றும். பெண்புழு பேரிக்காய் வடிவத்தில் பருத்து, அசையவே முடியாமல், சில நூறு முட்டைகளை ஒரு பசைப்பொதியில் இட்டு, பெரும்பாலும் வேரின் மேற்பரப்பிலேயே விட்டு வைக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு தலைமுறைக்கு நான்கு வாரம் போதும். இரண்டாவது பிரட்டிலென்கஸ் என்ற வேர் அழுகல் நூற்புழு. இது ஓரிடத்தில் உட்காராது. வேரின் தசைக்குள் சுரங்கம் போட்டுக்கொண்டே போகும்; போகிற வழியில் ஒவ்வொன்றாக முட்டையிடும்; வேர் செத்தால் வெளியே வந்து அடுத்த வேருக்குள் நுழையும். அது திறந்துவிட்ட புண் வழியாக அழுகல் பூஞ்சைகள் உள்ளே போகும். இந்த இருவரின் வாழ்க்கை முறையில் உள்ள வேறுபாடு பிறகு நமக்கு மிகவும் தேவைப்படும்.

வேர்முடிச்சுப் புழுவுக்கும் கரும்புக்கும் உள்ள பகை பதிவேட்டில் பழையது. ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த மெல்கியோர் ட்ரூப், கரும்பைத் தாக்கிய ஒரு நோயின் காரணத்தைத் தேடிப்போய், 1885இல் கரும்பு வேரில் இந்தப் புழுவைக் கண்டு விவரித்தார். ஜாவானிகா என்ற இனப்பெயர் அங்கிருந்து வந்ததுதான். இந்தியாவில் பயிர் நூற்புழு பற்றிய முதல் பதிவு 1901இல், கூடலூர்ப் பக்கத்துத் தேவாலாவில் தேயிலை வேரிலிருந்து. பதிவு செய்தவர் சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர் சி. ஏ. பார்பர். அதே பார்பர்தான் 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையத்தைத் தொடங்கி வைத்தவர். கல்வராயன் அடிவாரத்தில் இன்று நிற்கும் கோ 86032 வரை, கோ என்று தொடங்கும் ரகங்களெல்லாம் அந்த நிலையத்தின் வழிவந்தவை. அவர் நூற்புழுவையும் கரும்பையும் சேர்த்து யோசித்தாரா என்பது வேறு கதை. அந்தக் காலத்தில் சர்க்கரைச் சத்தும் செவ்வழுகல் நோயும்தான் பெரிய கவலைகள்.

அதற்கடுத்த அரை நூற்றாண்டு மருந்துகளின் காலம். 1943இல் ஹவாய் தீவின் அன்னாசித் தோட்டங்களில் மண்ணுக்குள் செலுத்தும் ஆவி மருந்து ஒன்று நூற்புழுவைக் கொல்வதை வால்டர் கார்ட்டர் கண்டார். பின்னாலேயே டி.பி.சி.பி. வந்தது, இந்தியாவில் நெமகான் என்ற பெயரில் விற்றது. 1977இல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த தொழிற்சாலையின் ஆண் தொழிலாளர்களுக்குக் குழந்தை பிறக்காமல் போனது வெளியே வந்து, அங்கே அது முடிந்தது. இந்தியா 1989இல் தடை செய்தது. பிறகு நம் கரும்பு விவசாயிகளுக்குப் பழக்கமானது கார்போஃபியூரான், ஊர்ப் பேச்சில் வெறும் ‘குருணை’. எக்டேருக்கு 33 கிலோ குருணை என்பது பல ஆண்டு பரிந்துரை. 2023இல் வந்த மத்திய அரசின் ஆணை, உறையிட்ட 3 சதவீதக் குருணையைத் தவிர அதன் மற்ற வடிவங்களை எல்லாம் நிறுத்திவிட்டது. குருணை புழுவைக் கொன்றதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்களுக்கிடையே மேய்ந்த மயிலையும் மண்புழுவையும் கொன்றதிலும் சந்தேகமில்லை. கரும்பு ஓராண்டுப் பயிர்; வெட்டிய அடியிலிருந்தே மறுபடி வளரும்படி கட்டை விட்டால் இரண்டு மூன்று ஆண்டு. குருணையின் வேலை சில வாரங்களில் தீர்ந்துவிடும். புழு அதன் பிறகும் மாதத்துக்கொரு தலைமுறை பெருகும்.

இனி, நூற்புழுவையே தின்னும் பூஞ்சைக்கு வருவோம்.

1888இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் சோப், ஆர்த்ரோபோட்ரிஸ் என்ற மண் பூஞ்சையை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, உயிரோடு நெளிந்த ஒரு நூற்புழு அதன் இழை வளையங்களில் சிக்கியதைக் கண்டார். புழு துடித்தது, அடங்கியது. பூஞ்சை அதன் உடலைத் துளைத்து உள்ளே வளர்ந்து, தோலை மட்டும் விட்டது. 1930களில் அமெரிக்க வேளாண் துறையின் சார்லஸ் டிரெக்ஸ்லர் இப்படிப்பட்ட பூஞ்சைகளை வரிசையாகக் கண்டு வரைந்தார். சில ஒட்டும் வலையைப் பின்னுகின்றன. சில காம்பின் நுனியில் பசைக் குமிழ் வைக்கின்றன. சில, மூன்றே உயிரணுக்களால் ஒரு சுருக்குக் கண்ணியைக் கட்டி வைத்துக் காத்திருக்கின்றன. புழு அதற்குள் தலையை நுழைத்தவுடன் அந்த மூன்று உயிரணுக்களும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஊதிப் பெருத்து இறுக்கிவிடும்.

இந்தக் கண்ணிகள் எப்போதும் கட்டப்பட்டிருப்பதில்லை. நல்ல தீனி நிறைந்த ஆய்வகத் தட்டில் வளர்த்தால் ஆர்த்ரோபோட்ரிஸ் சாதுவான மட்கு பூஞ்சையாகவே வாழும், வலையைப் பின்னாது. தீனி குறைந்த தட்டில், பக்கத்தில் நூற்புழுவை விட்டால் மட்டும் பின்னத் தொடங்கும். நூற்புழுக்கள் தங்களுக்குள் இணை தேடவும் செய்தி சொல்லவும் வெளியிடும் வாசனைப் பொருட்களை இந்தப் பூஞ்சை ஒட்டுக்கேட்கிறது என்று 2013இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். பசியும் இரையின் வாசனையும் சேர்ந்தால்தான் வேட்டை.

எதற்கான பசி? செத்த இலை, தண்டு, மரம் எல்லாம் கரிமம் நிறைந்தவை. மாவுப் பொருளுக்கும் நார்ப் பொருளுக்கும் அங்கே குறைவில்லை. குறைவது தழைச்சத்து. காய்ந்த கரும்புச் சோகையில் அது அரை சதவீதம்கூடத் தேறாது. புழுவின் உடலோ பெரும்பாலும் புரதம். மட்கும் சோகைக்குள் வாழும் பூஞ்சைக்கு, நெளிந்து போகும் நூற்புழு ஒரு தழைச்சத்துப் பொட்டலம். கள்ளக்குறிச்சிக் கடைகளில் பாக்கெட்டில் விற்கிற சிப்பிக் காளானும் இதே தொழில் செய்கிறது. தழைச்சத்து வறண்ட மரத்தில் வளரும் அது, தன் இழையைத் தொடும் நூற்புழுவை நச்சால் முடக்கிவிட்டு உள்ளே புகுந்து தின்னும் என்பதை 1984இல் கனடாவின் தார்ன், பாரன் இருவரும் வெளியிட்டார்கள். சைவமா அசைவமா என்று காளானைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் விவாதத்துக்கு இதைக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

வலை பின்னுபவை ஒரு வகை. கடைக்கு மருந்தாக வருபவை வேறு வகை: முட்டை தின்னும் பூஞ்சைகள். 1979இல் பெருவின் லீமாவில் உள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையத்தில் ஜதாலாவும் உடன் உழைத்தவர்களும், உருளைக்கிழங்கு வேரின் முடிச்சுப்புழு முட்டைகளில் ஊதா நிறம் படரும் ஒரு பூஞ்சையைக் கண்டார்கள். பேசிலோமைசிஸ் லிலாசினஸ் என்று பல காலம் அழைக்கப்பட்ட அது 2011இல் பர்ப்யூரியோசிலியம் என்று பெயர் மாறியது. கடைக்காரர்கள் பழைய பெயரை இன்னும் விடவில்லை. பிலிப்பைன்ஸில் ரோமுலோ டாவிடே அதை விவசாயிகள் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வேளாண்மையில் அவர் செய்தவற்றுக்காக 2012இல் மகசேசே விருது அவருக்குக் கிடைத்தது. இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட்டில் பிரையன் கெர்ரி வேறொரு புதிருக்குப் பின்னால் போனார். தொடர்ந்து தானியமே விதைத்த வயல்களில் நூற்புழு பெருகிக்கொண்டே போக வேண்டும், ஆனால் சில ஆண்டுகளில் அது தானாகக் குறைந்தது. மண்ணுக்குள் பொக்கோனியா முதலிய பூஞ்சைகள் பெண்புழுக்களையும் முட்டைகளையும் தின்று பெருகியிருந்தன. யாரும் அவற்றைப் போடவில்லை.

முட்டையின் ஓட்டில் புரதமும் கைட்டினும் கொழுப்பும் அடுக்கடுக்காக உண்டு. பூஞ்சை இழை அதன் மேல் படிந்து, நுனியை அகல ஊன்றி, புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளை விட்டு உள்ளே இறங்கும். உள்ளே குஞ்சு உருவாகிவிட்டால் வேலை கடினம். இளம் முட்டை என்றால் எளிது. 26 முதல் 30 பாகை வெப்பம் பூஞ்சைக்கு உவப்பானது. நம் மண்ணுக்கு அது ஒரு வசதி.

பிரட்டிலென்கஸ் ஒவ்வொரு முட்டையாக வேரின் தசைக்குள்ளே ஒளித்து வைப்பதை முன்பே பார்த்தோம். வேர்முடிச்சுப் புழு நூற்றுக்கணக்கில் ஒரே பொதியாக வெளியே விட்டு வைக்கும். முட்டை தின்னும் பூஞ்சைக்கு இந்தப் பொதி விருந்து. பிரட்டிலென்கஸின் முட்டை எட்டாக் கனி. ஆகவே ‘நூற்புழுவுக்கு இந்தப் பூஞ்சை’ என்ற பொதுப் பேச்சு கரும்பில் பாதி உண்மைதான். புனலில் வந்தது எந்தப் புழு என்று பார்க்காமல் பொடி வாங்குகிறவர், கைராசியை நம்பித்தான் வாங்குகிறார். டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையின் நிலை சற்று வேறு. அது வேரைச் சுற்றிக் குடியேறி, புண்ணில் நுழையும் அழுகல் பூஞ்சைகளோடு இடத்துக்கும் தீனிக்கும் சண்டையிடும். செடியின் எதிர்ப்புச் சக்தியையும் தட்டியெழுப்பும். பிரட்டிலென்கஸ் திட்டில் எனக்கு அதன் மேல்தான் கூடுதல் நம்பிக்கை.

சந்தையில் வரும் பொடி பெரும்பாலும் வெள்ளை டால்க்கில் கலந்த பூஞ்சை வித்து. கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்து வேண்டும் என்பது பதிவு விதி. பாக்கெட்டின் ஆயுள் சில மாதங்கள். தகரக் கூரைக் கடையின் மேல் அலமாரியில் சித்திரை, வைகாசி வெயிலைக் கழித்த பாக்கெட்டில் எத்தனை உயிரோடிருக்கும் என்பதை அச்சிட்ட தேதி சொல்லாது. வாங்கும்போதே தயாரித்த மாதத்தைப் பார்த்துப் புதிதை எடுப்பதுதான் நம் கையில் இருப்பது. தூவும்போது மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்வது நல்லது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு இந்த ஊதாப் பூஞ்சையால் கண்ணிலும் தோலிலும் தொற்று வந்ததாக மருத்துவ இதழ்களில் அரிதாகப் பதிவுகள் உண்டு.

உயிரோடு இருக்கிற வித்தையும் வெறும் மண்ணில் கொட்டினால் முளைப்பது உறுதியில்லை. மண்ணுக்கு அந்நிய வித்துகளை முளைக்க விடாமல் அடக்கி வைக்கும் குணம் பரவலாக உண்டு என்று 1953இலேயே டாப்ஸ், ஹின்சன் இருவரும் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே குடியிருக்கும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தீனியை முன்னதாகவே தின்று தீர்த்திருக்கும். வந்தவர் பட்டினி. பெங்களூருவின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இதற்குச் சொல்லும் வழி, பொடியை நேரே நிலத்தில் போடாமல் முதலில் ஒரு டன் மட்கிய தொழுவுரத்தில் இரண்டு கிலோ கலந்து, நிழலில் ஈரம் காயாமல் இரண்டு வாரம் வைத்திருந்து பிறகு போடுவது. இரண்டு கிலோ வித்து அங்கே ஒரு டன் பூஞ்சைத் தோட்டமாகிறது. நிலத்துக்குள் போகும்போது அது தன் சோற்றையும் கையோடு கொண்டுபோகிறது.

கள்ளக்குறிச்சியில் தொழுவுரத்தைவிட எளிதாகக் கண்ணில் படுவது பிரஸ்மட். கரும்புச் சாற்றை வடிகட்டியபின் ஆலையில் மிஞ்சும் கருத்த சேறு அது. ஆலையிலிருந்து வந்த அன்றே வயலில் கொட்டினால் மட்கும் சூட்டில் வேரைச் சுடும். சில வாரம் குவித்து மட்க வைத்து, சூடு தணிந்தபின் டிரைக்கோடெர்மாவையோ ஊதாப் பூஞ்சையையோ கலக்க வேண்டும். சூட்டில் கலந்தால் போட்ட பணம் ஆவியாகும். நூற்புழு உள்ள நிலத்துக்கு எக்டேருக்கு 15 டன் பிரஸ்மட் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நூறு கிலோ கரும்புக்கு மூன்று, நான்கு கிலோ பிரஸ்மட் வரும். நாளொன்றுக்கு 2,500 டன் அரைக்கும் ஆலையை எடுத்துக்கொண்டால் அன்றைக்கு 75 முதல் 100 டன். அது ஐந்து, ஆறு எக்டேருக்குக் காணும். எக்டேருக்கு 100 டன் விளைச்சல் என்று வைத்தால் அதே நாளில் ஆலைக்குள் போனது 25 எக்டேர் கரும்பு. ஆக, ஒவ்வொரு ஐந்து எக்டேருக்கும் ஒன்றுக்குத்தான் பிரஸ்மட் போய்ச் சேரும். எல்லாருக்கும் பரப்பித் தெளிப்பதைவிட, வெளிறிய திட்டுகள் உள்ள வயல்களுக்கு முதலில் கொடுக்கும்படி கோட்டக் கரும்பு அலுவலர்கள் பதிவேடு வைத்தால் நல்ல பயன் இருக்கும்.

மீதி நான்கு எக்டேருக்கு? அங்கேயும் உணவு கிடக்கிறது; நாம் அதைக் கொளுத்துகிறோம்.

கட்டிங் ஆர்டர் வந்து, வெட்டு முடிந்து, லாரி போனதும் வயலில் எக்டேருக்கு எட்டு, பத்து டன் சோகை தங்கும். கட்டை சீவவும் பார் உடைக்கவும் அது இடைஞ்சல். ஒரு தீக்குச்சியில் மாலைக்குள் வேலை தீர்ந்துவிடும். ஆள் கூலியை நினைத்தால் கொளுத்துகிறவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நூற்புழுவின் கணக்கில் அது பெரிய இழப்பு. ஹவாயில் லின்ஃபோர்ட் 1937இல் அன்னாசிச் செடியின் தலைகளை நறுக்கி மண்ணில் புதைத்துப் பார்த்தார். மட்கும் பொருளில் பாக்டீரியாவும், அதைத் தின்னும் சாது நூற்புழுக்களும் பெருகின. அவற்றைப் பின்தொடர்ந்து வேட்டைப் பூஞ்சைகளும் மற்ற எதிரிகளும் பெருகின. கடைசியில் வேர் முடிச்சுகள் குறைந்தன. ஆஸ்திரேலியாவில் கரும்பு விளைச்சல் ஏன் தேய்கிறது என்று 1990களில் தொடங்கிய பெரிய ஆய்வில் கிரஹாம் ஸ்டர்லிங் இதைக் கரும்புக்கே சோதித்தார். சோகை, புல், மரத்தூள் போன்ற தழைச்சத்து வறண்ட பொருட்களை மண்ணில் கலந்தபோதுதான் பிரட்டிலென்கஸ் நன்றாக அடங்கியது. முட்டை தின்னும் பூஞ்சைக்கு எட்டாத புழு அது. மண்ணில் தானாகவே குடியிருந்த எதிரிகள், கண்ணி கட்டுபவை உட்பட, அதை அடக்கின.

கோழி எரு, வேப்பம்புண்ணாக்கு இவற்றையும் நூற்புழுவுக்குச் சொல்வார்கள், சரியாகவே சொல்வார்கள். ஆனால் அவை வேலை செய்யும் விதம் நேரெதிர். அவற்றில் தழைச்சத்து ஏராளம். மட்கும்போது வெளிவரும் அமோனியாவும் வேம்பின் கசப்புப் பொருட்களும் புழுவை நேராகக் கொல்லும். விளைவு சீக்கிரம் தெரியும், சீக்கிரம் மறையும். சோகையின் விளைவு மெதுவானது, ஆனால் கட்டைப் பயிரின் வயதோடு வளரும். நடும்போது திட்டில் புண்ணாக்கு, கட்டையில் நிலம் முழுக்கச் சோகை என்று இரண்டையும் அதனதன் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. சோகை மட்கும்போது மண்ணின் தழைச்சத்தைப் பூஞ்சைகள் முதலில் பிடித்துக்கொள்ளும். கட்டைக் கரும்பு அந்த வாரங்களில் பசியில் நிற்கும். கட்டைப் பயிருக்கு நடவுப் பயிரைவிடக் கால் பங்கு கூடுதல் தழைச்சத்து என்ற பரிந்துரைக்கும் இதில் பங்குண்டு. அந்த யூரியாவைச் சோகையின் மேலேயே வீசினால் வேட்டைப் பூஞ்சையின் பசி அடங்கிவிடும். புழுவைத் தேடிப்போக அதற்குக் காரணம் இராது. பார் உடைத்த பள்ளத்தில், வேருக்கு அருகே யூரியாவை இட்டு மண்ணை மூடிவிட்டு, பொடித்த சோகையைப் பார்களுக்கிடையே பரப்பினால் பயிருக்குச் சாப்பாடும் பூஞ்சைக்குப் பட்டினியும் ஒரே வயலில் இருக்க முடியும். சோகை பொடிக்கும் கருவியை டிராக்டரில் மாட்டி ஓட்டலாம். தனியாள் வாங்கும் விலை இல்லை; கூட்டுறவு ஆலைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வாடகைத் தொழில் எனக்குத் தோன்றவில்லை.

மலையை மறந்துவிட்டு அடிவாரத்தை மட்டும் பேச முடியாது. கல்வராயனில் சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இப்போது மரவள்ளி பரந்து கிடக்கிறது. கீழே சின்னசேலம் பக்கமும் அதுதான். மரவள்ளி வேர்முடிச்சுப் புழுவுக்குப் பிடித்தமான வீடு. மரவள்ளி எடுத்த நிலத்தில் நேரே கரும்பு வைப்பதும், இளங்கரும்புக்கு இடையே தக்காளி, வெண்டை போடுவதும் புழுவுக்கு வாடகையில்லாத குடியிருப்பு. ஊடுபயிர் வேண்டுமென்றால் சணப்பு, தக்கைப்பூண்டு, அல்லது செண்டுமல்லி. பூக்கடைச் சாமந்தியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. புழுவைக் கொல்லும் பொருள் செண்டுமல்லி வேரில்தான் உண்டு. கோமுகி, மணிமுக்தா பாசன நிலங்களில் தண்ணீர் இருக்கும் ஆண்டில் ஒரு போகம் நெல் வைத்தால் தேங்கிய நீரில் வேர்முடிச்சுப் புழு மூச்சுத் திணறிக் குறையும்.

காட்டின் இலைச்சருகுக்கடியில் வேட்டைப் பூஞ்சைகள் இல்லாத இடம் உலகில் அரிது. கண்டுபிடிப்பதும் கல்லூரி மாணவர் செய்யக்கூடிய வேலை. தீனியில்லாத அகர் தட்டில் ஒரு சிட்டிகைக் காட்டுமண்ணைத் தூவி, இரையாக நூற்புழுக்களை விட்டு, இரண்டு மூன்று வாரம் தினமும் நுண்ணோக்கியில் பார்த்தால் போதும். நெளியாமல் கிடக்கும் புழுவைச் சுற்றிப் பூஞ்சை இழை தெரியும். அங்கிருந்து எடுத்ததைத் தனியே வளர்த்தால், நம் வெயிலுக்கும் மண்ணுக்கும் பழகிய வகை கையில் இருக்கும். பெருவிலோ பிலிப்பைன்ஸிலோ பிறந்த வகையைவிட அது தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, அப்படி எடுத்த உயிரியிலிருந்து வரும் வணிக லாபத்தில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களுக்கும் பங்கு கேட்க இடமிருக்கிறது. விதை கொடுத்தவருக்குப் பங்கு தருவதுபோல் பூஞ்சைக்கும் தரலாமே.

ஆனால் காட்டுமண்ணை மூட்டையில் அள்ளிவந்து கரும்பில் கொட்டலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்பதே என் பதில். மலை குறையும், வந்த பூஞ்சை வயலில் நிற்காது. மணலான, கொளுத்தப்பட்ட, தீனியற்ற மண்ணில் எந்தக் காட்டிலிருந்து வந்த பூஞ்சையும் அதே பட்டினியில்தான் சாகும். பூஞ்சைக்கு நூற்புழுக்களின் நல்லது கெட்டதும் தெரியாது. வேரைக் கடிக்கும் வெண்புழுவைக் கொன்று கரும்புக்கு உதவும் ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா என்ற நூற்புழு கோயம்புத்தூர்க் கரும்பு வயலிலிருந்துதான் 1992இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. வெண்புழுத் தொல்லைக்காக அதை வாங்கி விடுகிற வயலில், அதே வாரம் நூற்புழுக்கொல்லிப் பூஞ்சையையும் போடுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது. இரண்டுக்கும் நடுவே சில வாரம் விட வேண்டும்.

பலன் தெரிய எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். கட்டையின் முதல் மாதத்தில் இலையைப் பார்த்துப் பயனில்லை. வயலின் ஒரு ஓரத்தில் நான்கைந்து பார்களை வழக்கம்போல் கொளுத்தி, மற்றதில் சோகையைப் பரப்பி, மூன்றாம் மாதம் இரண்டிலிருந்தும் தூர் பெயர்த்து வேரை அலச வேண்டும். அருகில் வேளாண் அறிவியல் நிலையம் இருந்தால் இரண்டு இடத்து மண்ணையும் தனித்தனிப் பையில் போட்டுப் புனலுக்கு அனுப்பலாம். காயவிடாமல், வெயிலில் வைக்காமல் அனுப்ப வேண்டும். பையிலேயே செத்த புழு புனலில் இறங்காது, மண் சுத்தம் என்று தவறான சீட்டு வரும்.